பட்ரிக் கெடிஸ்: ஒழுங்கைகளை நடந்து பார்த்த திட்டமிடலாளர்

ஒரு வீட்டுத்திட்டம் ஊராகிவிட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அங்கே தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர், வீட்டில் சீனி முடிந்தால் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். சந்திக்கடைக்கு நடந்துபோய், இரண்டு பேரோடு கதைத்துவிட்டுத் திரும்பி வருகிறார் என்றால் அது ஊர். பக்கத்து வீட்டுப் பொடியன் மோட்டார் சைக்கிளில் வரும்வரை படலையில் காத்து நிற்கிறார் என்றால் அங்கே இருப்பவை வீடுகள் மட்டும்தான்.

வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கம் போய்வருபவர்களுக்கு இது புதிய விடயமல்ல. 1990, 1991 இடம்பெயர்வுகளுக்குப் பிறகு தீவகம் பழைய சனத்தொகைக்குத் திரும்பவே இல்லை. போர் முடிந்தபின் வீடுகள் வந்தன, காப்பெற் வீதிகளும் வந்தன. எத்தனை வீடு கட்டினோம் என்ற கணக்கு அறிக்கைகளில் இருக்கும். அந்த வீட்டிலிருந்து ஒரு கிலோ அரிசிக்கும் ஒரு பனடோல் அட்டைக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற கணக்கைத் தேடினால் கிடைக்காது.

இந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் யாரும் வரைபடம் கீறக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் பட்ரிக் கெடிஸ். ஸ்கொட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். நகரத் திட்டமிடல் என்ற துறையின் மூலவர்களில் ஒருவராக உலகம் அவரை அறியும். அவருடைய மிக முக்கியமான வேலைகள் நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒருகாலத்தில் ஊர்காவற்றுறைப் பாய்க்கப்பல்கள் போய்வந்த நாகபட்டினம், தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், பிறகு கொழும்பு என்று அந்தப் பட்டியல் போகும்.

1854 ஒக்ரோபர் 2ஆம் திகதி பலேற்றர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் இருந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் பேர்த் நகருக்கு வந்தது. மலைச்சரிவில் வீடு, கீழே ஆறும் நகரும். தந்தையோடு அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியதுதான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். மலையில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், ஆற்றோரத்தில் என்ன விளைகிறது, கடல் முகத்தில் ஏன் சந்தை வருகிறது என்று நிலத்தையும் தொழிலையும் மனிதரையும் ஒன்றாகவே பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால் எதுவும் விளங்காது என்பது பின்னாளில் அவருடைய அடிப்படைப் பாடமானது.

லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை கொஞ்சக் காலம் போய்விட்டது. இருட்டறையில் கிடந்தபடி சன்னல் சட்டங்களைக் கையால் தடவி, அந்தக் கட்டங்களில் எண்ணங்களை அடுக்கப் பழகினார் என்பார்கள். நுணுக்குக்காட்டியில் நீண்ட நேரம் பார்க்கும் வேலை அதன்பிறகு முடியாமற்போனது. சிறிய உயிர்களைப் பார்த்த கண் ஊர்களின் பக்கம் திரும்பியது.

1886இல் இசை ஆசிரியையான அனா மோட்டனைத் திருமணம் செய்தார். அடுத்த வருடம் இருவரும் எடின்பரோவின் வசதியான பகுதியை விட்டுவிட்டு, பழைய நகரில் இடிந்து நாறிக்கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்துக்குள் குடிபோனார்கள். அந்த நகரின் குறுக்கு ஒழுங்கைகள் நம்முடைய ஒழுங்கைகளைவிட ஒடுக்கமானவை, இருபக்கமும் பல மாடிக் கட்டடங்கள். வசதியுள்ளவர்கள் எப்போதோ கைவிட்ட இடம். கெடிசும் அனாவும் அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள், முற்றத்தைக் கழுவினார்கள், சன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். பிறகு மாணவர் விடுதிகள், பழுதுபார்த்த வீடுகள், வெறும் நிலத்துண்டுகளில் சிறு தோட்டங்கள் என்று வேலை விரிந்தது. பழைய நகரை இடித்துத் தள்ளியிருந்தால் அங்கிருந்த ஏழைகள் வேறொரு நெரிசலுக்குள் போயிருப்பார்கள். அவர் இடிக்க வேண்டிய ஓரிரண்டு சுவர்களை மட்டும் இடித்தார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் காக்கும் சத்திரசிகிச்சை என்று சொல்லலாம்.

1892இல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கினார். மேலே ஏறி முழு நகரையும் பார்க்கலாம். ஒவ்வொரு தளமாக இறங்கினால் நகரம், நாடு, உலகம் என்று காட்சிகள் விரியும். டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் 1888 முதல் 1919 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்தாலும் மனம் முழுக்க இந்தக் கோபுரத்தில்தான். பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், தாடிக்குள் முணுமுணுப்பதால் கேட்பவருக்குப் பாதி விளங்காது. எழுத்தும் அப்படித்தான். அவருடைய நூல்களை வாசிக்க முயன்றவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

சென்னை ஆளுநர் பென்ட்லன்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல வருடங்களாகச் சேர்த்த நகரக் கண்காட்சி, வரைபடங்களும் படங்களுமாக, வேறொரு கப்பலில் வந்தது. தமிழ்ப் பேச்சுவழக்கில் இன்றும் உலாவும் அந்த எம்டன்தான் நடுவில் வந்தது. செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே ஜேர்மன் போர்க்கப்பல், கெடிசின் பெட்டிகள் இருந்த கிளான் கிராண்ட் கப்பலையும் மூழ்கடித்தது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் பிரித்தானியாவில் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

அதன்பிறகு சென்னை மாகாணத்து ஊர்கள். போன இடமெல்லாம் ஒரே முறைதான். நகரசபைப் பொறியியலாளரின் திட்டத்தை வாங்கிக்கொள்வார், அதை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். அதிகாலையிலும் நடப்பார், வெயிலிலும் நடப்பார். பொறியியலாளரின் தாளில் நேர்கோடாக இருக்கும் புதிய வீதி எந்த வீட்டின் அடுப்படிக்குள்ளால் போகிறது, எந்த மரத்தை வெட்டுகிறது, எந்தக் கிணற்றை மூடுகிறது என்பது நடந்தால்தான் தெரியும். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலான ஒரு பகுதியை வீதி வெட்டிச் சீராக்க நகரசபை திட்டம் வைத்திருந்தது. கெடிஸ் அதே பகுதியை வீடு வீடாகக் குறித்து, எது பாழடைந்தது, எது வெறுங்காணி என்று பிரித்தார். பாழடைந்தவற்றை மட்டும் அகற்றி, இருக்கிற ஒழுங்கைகளைக் கொஞ்சம் திறந்து, நடுவில் சிறு வெளிகளை விட்டால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும் என்று கீறிக் காட்டினார். செலவு முந்திய திட்டத்தின் சிறு பங்குதான். வீடிழப்பவர்களும் மிகச் சிலர்.

வெப்ப நாட்டில் அகலமான வீதி எல்லா இடத்துக்கும் நல்லதல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அகல வீதி வெயிலைப் பிடிக்கும், தூசி கிளப்பும், பராமரிப்புக்குக் காசு தின்னும். குடியிருப்புக்குள் இருக்கும் ஒடுக்கமான, நிழலான பாதை நடப்பவருக்கு உரியது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே போகும் பாதைகளில் மத்தியானம் நடந்து பார்த்தவர்களுக்கும், காப்பெற் வீதியின் ஓரத்தில் அதே நேரத்தில் நடந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கோயில் நகரங்கள் அவரை வசப்படுத்தின. தேர் ஓடும் நான்கு வீதிகள் அகலமானவை, உள்ளே போகப்போக வீடுகளும் சிறு தெருக்களும். திட்டமிடல் என்பது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கல்ல, இந்த மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அவர் எழுதினார். குளங்களை நுளம்புக்குப் பயந்து தூர்க்க வந்த சுகாதார அதிகாரிகளோடும் மோதினார். மீனை விடுங்கள், வாத்தை விடுங்கள், குளத்தை மூடாதீர்கள் என்பது அவருடைய மருந்து.

இந்தூரில் நடந்தது கதைபோல இருக்கும். பிளேக் பயத்தில் இருந்த நகரம். மகாராசாவிடம் ஒருநாள் அதிகாரத்தை வாங்கிக்கொண்டு தீபாவளி ஊர்வலத்தை நடத்தினார். எந்தத் தெருக்காரர் வீட்டையும் வாசலையும் துப்புரவாக்குகிறார்களோ அந்தத் தெருவழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். நகரமே கூட்டிப் பெருக்கிக்கொண்டது. பிளேக் கொண்டுவரும் எலியின் பெரிய உருவமும் ஊர்வலத்தில் போனது. சுகாதார அறிவித்தல்கள் செய்யாததைத் திருவிழா செய்தது.

1917 அவரை உடைத்த வருடம். மூத்த மகன் அலஸ்ரெயர் பிரான்சில் போர்முனையில் இறந்தார். அனா அப்போது இந்தியாவில் கடும் நோயில் கிடந்தார். மகனின் மரணத்தை அவரிடம் கெடிஸ் சொல்லவில்லை. சில வாரங்களில் அனாவும் போய்விட்டார். கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. இந்தூர் அறிக்கை 1918இல் இரண்டு பாகங்களாக வந்தது, 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை அவர் தலைமையில் தொடங்கியது.

கொழும்பு அறிக்கை 1921இல் வெளியானது. மரநிழலும் திறந்த வெளியும் உள்ள கிழக்கின் தோட்ட நகரமாகக் கொழும்பை அவர் கற்பனை செய்தார். அதற்கு ஆறு வருடம் முன்னரே 1915இன் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. வீதியின் அகலம், கட்டட எல்லைக்கோடு என்று அளவுகளால் பேசும் சட்டம் அது. இலங்கையின் உள்ளூராட்சி சபைகள் கட்டட அனுமதிக்கு இன்றும் கையாளும் சட்டமும் அதுதான். கெடிஸ் விட்டுப்போனது ஒரு பார்வை, சட்டம் விட்டுப்போனது ஓர் அளவுகோல். கந்தோர்களில் நிலைத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் புதிதாக ஒரு குடியிருப்பை வகுத்ததற்குப் பெரிய உதாரணம் 1925இன் ரெல் அவிவ் திட்டம். வாகனமும் கடைகளும் பெரிய வீதிகளில். அவற்றுக்கு நடுவே பெரிய வீட்டுத்தொகுதிகள், உள்ளே ஒடுக்கமான அமைதியான வீதிகள், மையத்தில் சிறு தோட்டம். எந்த வீட்டிலிருந்தும் கொஞ்சம் நடந்தால் கடை வரும். நான்கு வருடம் கழித்து அமெரிக்காவில் கிளறன்ஸ் பெரி, கால் மைல் நடைதூரத்தைக் கொண்டு அயல் ஒன்றை வரையறுத்தபோது, அதன் ஓரச் சந்திகளில் கடைகளை வைத்தார். ரெல் அவிவின் அந்தப் பகுதி 2003இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பக்கத்திலிருந்த யாஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் 1948இல் தங்கள் நகரை இழந்தார்கள். இடத்தோடு மக்களையும் பார் என்று சொன்னவரின் திட்டம், காலனித்துவ ஆட்சியின் கீழ் யாருக்காகக் கீறப்பட்டது என்ற கேள்வியைத் தமிழ் வாசகர்கள் எளிதில் கடந்துபோக முடியாது. இந்தியாவிலும் அவர் ஆளுநர்களின், அரசர்களின் விருந்தினராகவே நடந்தார்.

வேறு விமர்சனங்களும் உண்டு. தெருவோரக் கடைகளின் பெறுமதியை எழுதிப் புகழ்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் கெடிசையும் தோட்ட நகரக்காரர்களோடு சேர்த்தே சாடினார். நகரத்தைச் சிதறவைத்துக் கொன்றவர்கள் என்ற வரிசை அது. தஞ்சாவூர் அறிக்கை எழுதிய கெடிசுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம்.

தீவகத்தின் சிக்கல் தஞ்சாவூரின் சிக்கலுக்கு நேர் எதிரானது. அங்கே நெரிசல், இங்கே வெறுமை. கூரையில்லாத வீடுகளும் பற்றை மூடிய வளவுகளுமாக இருக்கும் ஒழுங்கையில் நாலு குடும்பம் மட்டும் திரும்பியிருந்தால், அங்கே கடை வைப்பவர் எப்படிப் பிழைப்பார்? சந்திக்கடைக்கும் சங்கக்கடைக்கும் நடைதூரத்துக்குள் போதுமான அடுப்புகள் எரிய வேண்டும். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பெயரெடுத்த புங்குடுதீவாரின் சொந்த ஊரில், சாமானுக்கு யாழ்ப்பாணம் பஸ் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். நெடுந்தீவில் ஒரு சவர்க்காரக் கட்டியோடு குறிகட்டுவானிலிருந்து வரும் படகுக் கூலியும் சேர்கிறது. நல்ல வீதி வந்தபின் மோட்டார் சைக்கிள் உள்ளவர் நேரே பண்ணைத் தாம்போதி தாண்டிப் போய் மலிவாக வாங்குகிறார். உள்ளூர்க் கடை படுக்கிறது. நடந்து போகிற அம்மாவுக்கு அந்த வீதியால் தூரம் கூடிவிட்டது.

இதற்குக் கெடிசிடம் ஆயத்தமான வரைபடம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு வரிசை: முதலில் நடந்து பார், பிறகு கணக்கெடு, கடைசியில் கீறு. எந்த ஒழுங்கையில் யார் திரும்பியிருக்கிறார்கள், அவர்கள் கடலுக்குப் போகிறவர்களா தோட்டம் செய்கிறவர்களா, எந்தச் சந்தியில் பழைய கடைக் கட்டடம் சுவரோடு நிற்கிறது, எந்த மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். வீட்டுத்திட்டங்களில் வீடு சிதறிக்கிடக்கும் சொந்தக் காணிகளிலேயே கட்டப்படுகிறது. அது சரியானதுதான், காணி உரிமை சின்ன விடயமல்ல. ஆனால் சந்திக்கு அண்மையில் உள்ள காணிக்காரருக்கு முதலில் வீடு கொடுப்பது, பழைய சங்கக்கடைக் கட்டடத்தைத் திருத்துவது, ஒழுங்கையில் வெட்டிய பூவரசுக்குப் பதில் நட்டுவிடுவது எல்லாம் வீதித் திட்டத்தின் செலவில் கால்வாசிகூட வராத காரியங்கள்.

கெடிஸ் 1924இல் பம்பாயை விட்டு, தென் பிரான்சின் மொம்பெலியேவில் நிலம் வாங்கி ஒரு கல்லூரியும் தோட்டங்களும் அமைத்தார். முன்பு ஒருமுறை மறுத்த சேர் பட்டத்தை 1932இல் ஏற்றுக்கொண்டார். லண்டன் குளிரில் உடல்நிலை கெட்டது. மொம்பெலியேவுக்குத் திரும்பி, அதே வருடம் ஏப்ரல் 17ஆம் திகதி இறந்தார். அவர் நடந்து எழுதிய இந்திய அறிக்கைகளின் தெரிவு ஒன்றை 1947இல் ஜக்குலின் ரிரிவிட் என்ற திட்டமிடலாளர் லண்டனில் நூலாகத் தொகுத்தார். அதற்கு முந்திய வருடம், 1946இல், இலங்கை தன்னுடைய நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது.