முயலை ஓநாயாக்கிய மனிதர்... 'செல்டா' கேமை காமிக்ஸாக வரைந்த இஷினோமோரியின் கதை!

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' விளையாடினவங்களுக்குத் தெரியும், அதோட ஹீரோ லிங்க் வாயே திறக்க மாட்டான். வாள் வீசுவான், பானையை உடைப்பான், புதரை வெட்டுவான். யார் என்ன கேட்டாலும் பதில் மட்டும் வராது. கன்ட்ரோலரைக் கையில் வெச்சிருக்கிற நீங்கதான் லிங்க். அவனுக்கு வர்ற பயமும் கோபமும் உங்களோடது.

கேமுக்கு இது சரி. ஆனா, இதே பையனை வெச்சு காமிக்ஸ் வரையணும்னா? அவன் பேசித்தான் ஆகணும். அழணும், பயப்படணும், யாரையாவது மிஸ் பண்ணணும். அந்த வேலை 1992-ல் ஒரு ஜப்பானியரிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு 54 வயது. ஜப்பானில் அவரைத் தெரியாத வீடே இல்லை எனலாம். அவர் வரைந்ததோ, அமெரிக்காவில் நின்டெண்டோ கம்பெனியே நடத்திய 'நின்டெண்டோ பவர்' என்ற மாத இதழுக்கு. கேம் டிப்ஸ், மேப், எந்த பாஸை எப்படி அடிக்கணும் என்ற ரகசியங்கள்... இதுக்காகவே பசங்க வாங்கிய பத்திரிகை அது. அந்தப் பசங்களில் பெரும்பாலானவங்களுக்கு ஷோட்டாரோ இஷினோமோரி யாருன்னே தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.

1938 ஜனவரி 25, வடகிழக்கு ஜப்பானில் இருக்கிற மியாகி மாகாணம். இஷினோமோரி என்ற சின்ன ஊர். அங்கே பிறந்தவரின் நிஜப் பெயர் ஷோட்டாரோ ஒனோடெரா. ஊர்ப் பெயரையே புனைபெயரா வெச்சுக்கிட்டார். ஆனா, அவர் எழுதிய விதத்தைப் பார்த்து எல்லோரும் 'இஷிமோரி' என்றே படிச்சாங்க. முப்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1980-களில்தான் நடுவில் ஒரு 'நோ' சேர்த்து ஊர்ப் பெயரைச் சரிபண்ணினார். பொறுமைசாலிதான்!

சினிமான்னா உயிர். சினிமா பார்க்க இஷினோமாகி என்ற துறைமுக ஊருக்குப் போகணும். சைக்கிள் மிதிச்சா சில மணி நேரம். போனார். இந்த ஊரை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, மறுபடி வரும்.

அப்பாவுக்கு மகன் காமிக்ஸ் வரையறது துளியும் பிடிக்கலை. ஆதரவா இருந்தது அக்கா யோஷியே மட்டும்தான். ஆஸ்துமாவால் சின்ன வயசிலிருந்தே உடம்பு முடியாதவர். தம்பி வரையும் பக்கங்களுக்கு அவர்தான் பெரிய ரசிகை.

பையன் வாசகர் போட்டிகளுக்கு அனுப்பிய படங்கள், ஜப்பானிய காமிக்ஸின் கடவுள் என்று கொண்டாடப்படும் ஒசாமு டெஸுகாவின் கண்ணில் பட்டது. 'ஆஸ்ட்ரோ பாய்' வரைந்தவர். வேலை நெருக்கடி நேரத்துல, உதவிக்கு வரச்சொல்லி டெஸுகா அந்த ஸ்கூல் பையனுக்குத் தந்தி அடிச்சார். பிளஸ் ஒன் வயசுல உங்க ஹீரோகிட்ட இருந்து அப்படி ஒரு மெசேஜ் வந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. 1954 கடைசியிலேயே அவருடைய முதல் தொடரும் அச்சில் வந்துவிட்டது.

1956-ல் டோக்கியோ. டோகிவா-ஸோ என்ற பழைய மர அடுக்குமாடி. குட்டிக் குட்டி ரூம்கள், சமையலறையும் டாய்லெட்டும் பொது. அங்கே தங்கியிருந்த பசங்க எல்லோருமே காமிக்ஸ் கிறுக்கர்கள். பின்னாளில் 'டோரேமான்' உருவாக்கினவரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். தம்பிக்குச் சமைச்சுப் போட, துணையா இருக்க அக்காவும் வந்து சேர்ந்தார். 1958-ல் ஆஸ்துமா முற்றி அங்கேயே டோக்கியோவில் இறந்துபோனார். தம்பிக்கு அப்போது வயது 20.

இஷினோமோரியின் கதைகளில் அன்பான, அழகான பெண் ஒருத்தி கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுவது திரும்பத் திரும்ப நடக்கும். ரசிகர்கள் அதில் அக்காவைத் தேடுவாங்க. அது எவ்வளவு சரின்னு யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனா, அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோணுது.

அக்கா போனபிறகு வரைவதே சலிச்சுப்போய், 1961-ல் உலகம் சுற்றக் கிளம்பினார். அந்தப் பயணத்துலதான் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் 'சைபோர்க்' பற்றிப் படிச்சார். மனுஷ உடம்புக்குள் மெஷின். அங்கிருந்து பிறந்ததுதான் 1964-ல் தொடங்கிய 'சைபோர்க் 009'. ஆயுத வியாபாரக் கும்பல் ஒன்று பல நாடுகளிலிருந்து 9 பேரைக் கடத்தி, அவங்க உடம்பை ஆயுதமாக மாற்றுகிறது. அவங்க தப்பிச்சு, தங்களை உருவாக்கினவங்களுக்கு எதிராகவே நிற்கிறாங்க.

அதுல ஒரு முடிவு எழுதினார் பாருங்க... விண்வெளியிலிருந்து இரண்டு ஹீரோக்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு எரிந்தபடி பூமிக்கு விழறாங்க. கீழே ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் அதை எரிநட்சத்திரம்னு நினைச்சு வேண்டிக்கிறாங்க. தம்பிக்கு பொம்மைத் துப்பாக்கி வேணும். அக்காவுக்கு உலகத்துல சண்டையே இருக்கக் கூடாது. அவ்வளவுதான், முடிஞ்சது. வாசகர்கள் கொதிச்சுப்போய், பிறகு ஹீரோக்களை உயிரோடு கொண்டுவர வேண்டியதாச்சு.

அதே காலகட்டத்துல இன்னொரு அடி. 1967-ல் டெஸுகா நடத்திய 'காம்' இதழில் 'ஜுன்' என்ற தொடரை ஆரம்பித்தார். வசனமே கிட்டத்தட்ட கிடையாது, படங்களே கவிதை மாதிரி ஓடும். எல்லோரும் பாராட்டினாங்க, டெஸுகாவைத் தவிர. இதெல்லாம் காமிக்ஸே இல்லைன்னு அவர் ஒரு வாசகருக்கு எழுதியது இஷினோமோரியின் காதுக்கு வந்தது. ஸ்கூல் படிக்கும்போது தந்தி அடிச்சுக் கூப்பிட்ட அதே மனிதர்! மனசு உடைஞ்சு தொடரை நிறுத்தறேன்னுட்டார். ஒருநாள் டெஸுகாவே அவர் வீட்டுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். பொறாமைதான் காரணம்னு பிற்பாடு டெஸுகாவே ஒப்புக்கொண்டதாகச் சொல்வாங்க. 1968-ல் 'ஜுன்' தொடருக்கு ஷோகாகுகான் விருது கிடைச்சது.

1971-ல் டிவிக்காக 'கமென் ரைடர்'. முதலில் மண்டை ஓடு முகமூடி என்று பேச்சு. பிறகு வெட்டுக்கிளி டிசைனுக்கு மாறியது. குவிந்து கிடந்த ஸ்கெட்ச்களில் வெட்டுக்கிளியைக் கைகாட்டியது அவருடைய சின்ன மகன்தான் என்பது ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் கதை. டிவியில் அது குழந்தைகளின் கொண்டாட்டம். காமிக்ஸ் வடிவத்தில் கொஞ்சம் இருட்டு அதிகம். கோபம் வந்தால் ஹீரோவின் முகத்தில் ஆபரேஷன் தழும்புகள் தெரியும். அதை மறைக்கத்தான் முகமூடி. 

1975-ல் 'கோரெஞ்சர்'. ஐந்து பேர், ஐந்து கலர். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? அந்த வரிசையில் பின்னாடி வந்த ஒரு தொடரின் சண்டைக் காட்சிகளை வாங்கி, அமெரிக்க நடிகர்களைச் சேர்த்து 1993-ல் செஞ்சதுதான் 'பவர் ரேஞ்சர்ஸ்'. ஸ்கூல் விட்டு வந்து டிவி முன்னாடி உட்கார்ந்து நாம கத்தின கத்தலுக்கு விதை போட்டவர் இவர்தான்.

இவ்வளவும் போதாதுன்னு 1986-ல் ஜப்பானியப் பொருளாதாரத்தையே காமிக்ஸாகப் போட்டார். அது ஆங்கிலத்துக்குப் போய், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அடுத்து ஜப்பான் வரலாறு, 48 தொகுதிகள். 1989-ல் ஒரு பிரகடனமே வெளியிட்டார். 'மாங்கா' என்ற சொல்லில் முதல் எழுத்தை மாற்றி, 'பத்தாயிரம்' என்று அர்த்தம் வரும் எழுத்தைப் போட்டார். காமிக்ஸில் சொல்ல முடியாதது எதுவுமே இல்லை என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவருக்கு கேம் கம்பெனி பத்திரிகை மட்டும் எப்படி மட்டமாகத் தெரியும்?

இப்போ செல்டாவுக்கு வருவோம். 'எ லிங்க் டு தி பாஸ்ட்' ஜப்பானில் 1991 நவம்பரில் வந்தது. அமெரிக்காவில் 1992 ஏப்ரலில். காமிக்ஸ் ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அதாவது, அமெரிக்கப் பசங்க கேம் கையில் கிடைக்கிறதுக்கு முன்னாடியே இஷினோமோரியின் லிங்க்கைச் சந்திச்சுட்டாங்க. மாதம் ஒரு பகுதி, டிசம்பர் வரை 12 பகுதிகள், முழுக்க கலர்.

சும்மா கேமைப் பார்த்து அப்படியே வரைஞ்சுட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேம் காமிக்ஸ்னாலே விளம்பரத்துக்கு ஒரு நோட்டீஸ்னு நினைச்ச காலம் அது. இவர் செஞ்சது வேற.

மாமாவோடு இருக்கும் சாதாரணப் பையன் லிங்க். கனவில் இளவரசி செல்டாவின் குரல் கேட்கிறது. மாமா செத்துப்போகிறார். கேமில் இது தொடங்கி சில நிமிஷத்துல நடந்துடும், அடுத்த நிமிஷம் நீங்க வாளை எடுத்துட்டு ஓடிட்டே இருப்பீங்க. காமிக்ஸில் அந்த இழப்பு பையனோடவே வருது. தனியா இருக்கான், தடுமாறுறான், சில நேரம் முட்டாள்தனமும் பண்றான். கூட வர ஒரு குட்டி தேவதையையும் சேர்த்துவிட்டார். 1998-ல் 'ஆக்கரினா ஆஃப் டைம்' கேமில் நவி என்ற தேவதை லிங்க் கூடவே பறந்து வந்ததே, அதுக்கு 6 வருஷம் முன்னாடி!

ரோம் என்று ஒரு புதுப் பாத்திரம். வில் வித்தைக்காரன், கொஞ்சம் திமிர். வீரர் வம்சத்தில் வந்த தனக்குத்தான் அந்தப் புனித வாள் சேரணும்னு நினைக்கிறவன். பாதி போட்டி, பாதி நட்பு. இருள் உலகத்தில் இவன் பறவையாக மாறுவான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். கேமில் இருள் உலகத்துக்குள் நுழைந்தால் லிங்க் பிங்க் கலர் முயலாகிடுவான். பார்க்கவே சிரிப்பு வரும். வாளைக்கூடத் தூக்க முடியாமல் குதிச்சுட்டு இருப்பான். இஷினோமோரி அந்த முயலைத் தூக்கிப் போட்டுட்டு, ஓநாய் மாதிரி ஒரு மிருகமாக மாற்றினார். உடம்பைத் தன் சம்மதம் இல்லாமல் யாரோ மாற்றிவிட, உள்ளே இருக்கும் மனுஷன் மட்டும் மிச்சமிருக்க... இந்தக் கதையை அவர் 1964-லிருந்து சொல்லிட்டு இருக்கார். 009, முகமூடிக்குள் தழும்பை மறைச்ச ரைடர், இப்போ லிங்க். கம்பெனி கொடுத்த ஹீரோவை எடுத்து, சத்தமே இல்லாமல் தன் பிள்ளைகளோட வரிசையில் நிற்க வெச்சுட்டார். 2006-ல் வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்' கேமில் லிங்க் நிஜமாவே ஓநாயானது தற்செயலா என்று ரசிகர்கள் இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க.

முடிவு? கேம் ஜெயிச்ச சந்தோஷத்தோடு, எல்லோரும் நலம்னு முடியும். காமிக்ஸில் நாடு பிழைச்சது, செல்டா ராணியானாள், லிங்க் அரண்மனைக் காவல் தலைவனானான். இரண்டு பேருக்கும் தலைக்கு மேல் வேலை. சந்திக்கவே நேரமில்லை. ஆபத்து இருந்தவரைக்கும் பக்கத்துல இருந்தவங்களை, அமைதி வந்து பிரிச்சுடுச்சு. கேம் டிப்ஸ் படிக்கப் புத்தகத்தைப் புரட்டிய பத்து வயசுப் பசங்களுக்கு இப்படி ஒரு கடைசிப் பக்கம்! சிரிச்ச முகத்தோடு முடிச்சிருந்தா கம்பெனிக்கும் சந்தோஷமா இருந்திருக்கும். அவர் அப்படி முடிக்கலை.

1993-ல் 12 பகுதிகளும் ஒரே புத்தகமாக வந்தது. அப்புறம் அச்சில் இல்லாமல் போச்சு. வருஷக்கணக்கா பழைய புத்தகக் கடைகளிலும், யாரோ ஸ்கேன் பண்ணின பக்கங்களிலும்தான் அது உயிரோடு இருந்தது. செல்டா காமிக்ஸ் என்றாலே அகிரா ஹிமேகாவா என்ற பெயரில் இரண்டு பெண்கள் சேர்ந்து வரைந்த புத்தகங்கள்தான் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அவையும் அருமையானவைதான், குறை சொல்ல முடியாது.

இஷினோமோரி அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நிணநீர்ப் புற்றுநோயோடு பல வருஷம் போராடி, 1998 ஜனவரி 28 அன்று இறந்தார். 60 வயது நிறைஞ்சு மூணே நாள். டெஸுகாவும் 60-லேயே போனவர். 'சைபோர்க் 009'-க்கு மனசுல வெச்சிருந்த கடைசி அத்தியாயத்தை முடிக்கவில்லை. அவர் விட்டுப்போன குறிப்புகளை வெச்சு மகனும் பழைய உதவியாளர்களும்தான் பின்னாடி முடிச்சாங்க. மொத்தம் 770 கதைகள், ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரே ஆள் வரைந்ததில் உலகத்திலேயே அதிகம் என்று கின்னஸ் பதிவு செய்தபோது பார்க்க அவர் இல்லை.

சைக்கிள் மிதிச்சு சினிமா பார்க்கப் போன இஷினோமாகியில், ஆற்று நடுவே இருக்கும் திட்டில் 2001-ல் அவர் பெயரில் ஒரு மியூசியம் திறந்தாங்க. வெள்ளையா, விண்கலம் மாதிரி இருக்கும். 2011 மார்ச் 11 சுனாமியில் அந்தப் பகுதியே அழிஞ்சது. மியூசியத்தின் தரைத்தளம் மூழ்கியது, கட்டடம் நின்றது. ஊரே எழுந்திருக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, 2012 நவம்பரில் மறுபடி கதவைத் திறந்தாங்க.

அதுக்கு இரண்டரை வருஷம் கழிச்சு, 2015 மே மாதம், விஸ் மீடியா அந்த செல்டா காமிக்ஸை மறுபடி அச்சடிச்சது. ஓநாய், ரோம், பிரிந்துபோகும் அந்த முடிவு எல்லாம் அப்படியே இருக்கு. அட்டையில் ஷோட்டாரோ இஷினோமோரி என்ற பெயரும்.