மணலில் புதைந்த 'பேப்ஸ்'

பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின் மாற்றப் போய், மவுண்டிங் பொருந்தாமல், வயரிங் புகைந்து, 'போதும்டா சாமி' என்று நான் உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவர் பாரி தாமஸ். 1884-ல் வேல்ஸில் பிறந்தவர். லேலண்டின் தலைமை இன்ஜினீயர்.

27 லிட்டர் விமான இன்ஜின், பழைய பென்ஸ் கியர்பாக்ஸ், செயின் டிரைவ். இப்படியொரு காரைக் கட்டிய ஸ்போரோவ்ஸ்கி 1924-ல் வேறொரு காரில் பந்தயத்தில் இறந்தார். அதைத் தாமஸ் வாங்கினார். பிஸ்டன், கார்புரேட்டரை மாற்றி 'பேப்ஸ்' என்று பெயர் வைத்தார். 1926-ல் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 171 மைல். உலக சாதனை!

கேம்பெல் அதை முறியடிக்க, மீட்கப் போனவர் 1927 மார்ச் 3-ல் அதே மணலில் கார் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். காரை அங்கேயே புதைத்தார்கள். 1969-ல் ஒரு கல்லூரி விரிவுரையாளர் தோண்டியெடுத்து, பொறுமையாக மறுபடி ஓட வைத்தார்.

நானும் ஜீப்பை மறுபடி திறந்துட்டேன். இந்தத் தடவை முதல் வேலையா ஃபியூஸ் போட்டேன்!