நேரத்தை வெட்டிக் கொடுத்த அம்மையார்

நேரத்தைக் கையில் பிடிக்க முடியுமா?

முடியாது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் ஓர் அம்மையார் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். கடற்படை அதிகாரி. கம்ப்யூட்டர் உலகின் முன்னோடிகளில் ஒருவர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார்.

அவருக்கு அப்போது வயது 7. அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று பார்க்க ஆசை. ஒரு கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்த கடிகாரத்தைக் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் சக்கரமும் திருகாணியுமாகக் கிடந்தன.

தாயார் அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பெண் கணிதம் படித்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

எடை போதவில்லை!

இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடற்படையில் சேர கிரேஸ் விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். உடல் எடையும் 15 பவுண்டு குறைவு. அவர் விடவில்லை. தனி அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த "மார்க் 1" என்ற கணக்கு எந்திரத்தில் அவருக்கு வேலை. அந்த எந்திரத்தின் நீளம் 51 அடி! அத்தனை பெரிய எந்திரம் வினாடிக்கு மூன்று கூட்டல்தான் போடும்.

போருக்குப் பிறகு "யூனிவாக்" என்ற கம்ப்யூட்டர் வந்தது. அது வினாடிக்குச் சுமார் 1,900 கணக்குகள் போட்டது. அதைத் தயாரித்த கம்பெனியில் கிரேஸ் 1949-ல் சேர்ந்தார். மனிதர் எழுதும் கட்டளைகளை எந்திரம் தானே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் முறையை 1952-ல் உருவாக்கினார். 1959-ல் பிறந்த "கோபால்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு அவருடைய வேலையே அடிப்படை.

கம்பித் துண்டு

கம்ப்யூட்டரின் வேகம் ஏறிக்கொண்டே போனது. வினாடிக் கணக்கு போதவில்லை. நானோ வினாடி என்ற பேச்சு வந்தது.

நானோ வினாடி என்றால் என்ன? ஒரு வினாடியை 100 கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. கேட்கத்தான் முடிகிறது, மனதில் பிடிபடவில்லை. கிரேசுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அவர் ஒரு வழி கண்டார். மின்சாரமானாலும் சரி, ஒளியானாலும் சரி, ஒரு நானோ வினாடியில் எவ்வளவு தூரம்தான் போக முடியும்? ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு டெலிபோன் கம்பியை வெட்டினார். கூட்டங்களில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இதுதான் நானோ வினாடி என்றார்.

மைக்ரோ வினாடி என்பது ஆயிரம் நானோ வினாடி. அதற்கு 984 அடி நீளக் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் எவ்வளவு நேரத்தை வீணடிக்கிறார்கள் என்பது அந்தச் சுருளைப் பார்த்ததும் புரிந்தது. கம்ப்யூட்டரை ஏன் சிறியதாகச் செய்ய வேண்டும் என்பதும் புரிந்தது. தூரம் குறைந்தால் நேரமும் குறையும்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப ஏன் தாமதம் ஆகிறது என்று கடற்படைத் தளபதிகள் கேட்டார்கள். கம்பியைக் காட்டினார். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை எட்ட இப்படி 12 கோடி துண்டு வேண்டும்!

நீங்களும் கணக்குப் போடலாம்

எந்த நேரத்தையும் நானோ வினாடியாக மாற்றுவது சுலபம். முதலில் அதை வினாடியாக்குங்கள். பிறகு ஒன்பது பூஜ்யம் சேருங்கள்.

1 வினாடி: 100 கோடி நானோ வினாடி.
1 நிமிடம்: 60 வினாடி. 6,000 கோடி நானோ வினாடி.
1 மணி: 3,600 வினாடி. 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி.
1 நாள்: 86,400 வினாடி. 86 லட்சத்து 40 ஆயிரம் கோடி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 100 கோடி வினாடி என்பது 31 ஆண்டு 8 மாதத்துக்கும் சற்று அதிகம். அந்த நீண்ட காலத்துக்கு ஒரு வினாடி எப்படியோ, அப்படித்தான் ஒரு வினாடிக்கு ஒரு நானோ வினாடி.

திரும்ப அழைத்தார்கள்

1966 கடைசியில், வயது 60 ஆகிவிட்டது என்று கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பியது. கிரேஸ் மிகவும் வருந்தினார். ஆனால் அவர் இல்லாமல் வேலை ஓடவில்லை. 1967 ஆகஸ்டில் மறுபடியும் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு என்று போனவர் 19 ஆண்டு இருந்தார்!

அவருடைய அறையில் ஒரு கடிகாரம் தொங்கியது. அதன் முள் இடப்பக்கமாகச் சுற்றும். பழகிய வழி ஒன்றுதான் சரியான வழி என்று நினைக்காதே என்பது அதன் பொருள்.

1986-ல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அப்போது வயது 79. கடற்படைப் பணியில் இருந்த அதிகாரிகளில் அவரே மூத்தவர்.

1992 ஜனவரி 1-ந் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் வெட்டிய கம்பிகள் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்று செல்போன் நமக்கு வழி காட்டுகிறதே, அதுவும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரே ஒரு நானோ வினாடி பிசகினால், தூரக் கணக்கு 30 சென்டிமீட்டர் பிசகும். அது கிரேஸ் கொடுத்த கம்பியின் நீளம்.