இதயத்தின் ஊட்டம் கண்ட இப்னு நபீஸ்

1213ஆம் ஆண்டளவில் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து, கெய்ரோவில் மருத்துவராய் விளங்கிய இப்னு நபீஸ், நுரையீரல் வழி இரத்தவோட்டத்தை முதலில் விளக்கியவர் என நாம் அறிவோம். 1242இல் எழுதிய உரைநூலில், இதயம் தன் சதையூடு பரவிய குழாய்களாலேயே ஊட்டம் பெறுகிறது என்றும் நிறுவினார். தாமிரபரணி பெருகினும் கன்னடியன் கால்வாய் தூர்ந்தால் வயல் வாடுமன்றோ? அரிதாகச் சில குழந்தைகட்கு இடப்பக்க இதயத்தமனி, பெருந்தமனியில் தோன்றாது நுரையீரல் தமனியில் தோன்றிவிடுகிறது. பால் அருந்துகையில் அவர்கள் மிக வியர்த்து மூச்சிரைப்பர். எக்கோ பரிசோதனையால் இக்குறையைக் கண்டறிந்து, அறுவையால் தமனியை உரிய இடத்தில் பொருத்திக் காக்கலாம். 1288இல் மறைந்த அப்பெருமகனார் தம் இல்லத்தையும் நூல்களையும் மருத்துவமனைக்கே வழங்கினார். அவ்வியர்வையைப் புறக்கணியாது மருத்துவரை உடன் நாடுவதே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.