வாரம் ஒரு நாள் மாத்திரை: டாக்டர் சுப்பாராவின் கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி சங்கத்திலிருந்து கேட்டபோது, ஹாஸ்டல் கதைகளை எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதை என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம்ம செட்டிலேயே பத்துப் பேர் உண்டு. ஆகவே நான் என் அம்மாவின் மாத்திரை டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். அம்மா தார் சுற்றுவாள். ஒரு நாள் காலையில் அவள் விரல்கள் மடங்கவில்லை. முடக்குவாதம் என்றார்கள். டாக்டர் எழுதித் தந்தது இரண்டு மாத்திரைகள். ஒன்று, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். இன்னொன்று, மற்ற நாட்களில். நான் வேலை பார்ப்பது பெங்களூரில். வேளாவேளைக்குப் போட்டுக்கம்மா என்று போனில் சொன்னதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதை அம்மா தினமும் போட்டுவிட்டாள். நாலைந்து நாளில் வாயெல்லாம் புண். கஞ்சி கூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் இந்த மாத்திரைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வாரம் ஒரு நாள் மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். மற்ற நாள் மாத்திரை ஃபோலிக் அமிலம். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டையும் தயாரிக்கும் வழியைக் கண்டது ஒரே ஆய்வுக்கூடம். அதற்குத் தலைமை வகித்தவர் நம்ம சென்னையில் படித்த ஒருவர். அவர்தான் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை பாஸ்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளியில் சேர்த்தார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் தேறியது மூன்றாவது முயற்சியில்தான்! அரியர் வைத்திருந்த நம்ம நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு, ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். தாயார் சம்மதிக்கவில்லை. 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சுதேசிப் பற்றால் கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தும், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவ வேலையும் கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்ப்ரூ என்ற குடல் நோய். உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும். அந்தச் சாவுகள் அவர் மனத்தை விட்டுப் போகவேயில்லை.

பாஸ்டன் வாசம்

1922-ல், மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் தந்த பணத்தில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் வெப்ப மண்டல மருத்துவம் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்கிற வேலை. பிறகு ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் இடம் கிடைத்தது. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-ல் அவர் கண்ட முறை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. தசையின் சக்திக் கையிருப்பான பாஸ்போகிரியேட்டின் 1927-ல் வந்தது. 1929-ல் ஏ.டி.பி.யை இவர்களும் கண்டார்கள்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார். நாம் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டுமென்றாலும் உடம்பு செலவழிப்பது இந்த ஏ.டி.பி.யைத்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய், ஆராய்ச்சித் தலைவரானார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. அவர்கள் போய்ச் சேர்ந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

நூல் இல்லாத தார்

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் வேகம் பிடித்த மாதிரி தெரிந்தது. அப்படியானால் அதற்கு எதிரான பொருள் நோயை நிறுத்துமே! சுப்பாராவின் குழு அந்த எதிர்ப் பொருட்களைச் செய்து கொடுத்தது. அதில் ஒன்று அமினோப்டெரின். அடுத்து வந்தது மெத்தோட்ரெக்ஸேட்.

வேலை செய்யும் விதத்தை நம்ம ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் இருந்தால்தான் துணி வளரும். பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் நூல் இல்லாத தாரை மாட்டிவிட்டால்? செல் இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அதே உருவமுள்ள போலி அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் பிரிவது நின்றுபோகும். வேகமாகப் பெருகுகிற புற்றுச் செல்லுக்கு முதல் அடி. அளவு மீறினால் வாயின் உட்தோலுக்கும் அதே அடிதான். அம்மாவின் வாய்ப்புண்ணுக்குக் காரணம் இதுவே.

ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகச் சொன்னார். தற்காலிகம்தான். ஆனாலும் அதுவரை நம்பிக்கை என்ற சொல்லுக்கே இடமில்லாத நோய் அது. இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள இடங்களில் அந்த நோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள்.

எதிர்ப்புச் சக்தி ஆராய்ச்சியிலும்

கதை அதோடு முடியவில்லை. தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கவும் இந்த மருந்து உதவும் என்று 1951 முதல் தெரியவந்தது. அம்மாவின் விரல்கள் மடங்குவது அதனால்தான். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் எதிர்ப்பு செல்லையும் புற்றுச் செல்லையும் ஒன்றாக்கி, ஒரே வகை எதிர்ப்புப் பொருளை ஓயாமல் சுரக்கும் செல்லை உண்டாக்கினார்கள். ஒன்றாகச் சேராத புற்றுச் செல்களைக் களைய அவர்கள் பயன்படுத்திய கலவையில் அமினோப்டெரினும் உண்டு. அந்த வழியில் பிறந்த எதிர்ப்புப் பொருட்கள் இன்று புற்றுநோய்க்கு மருந்து. எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை வெல்லும் இன்றைய சிகிச்சைக்கு, சுப்பாராவ் அறியாமலே ஒரு படிக்கல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

யானைக்கால் நோய்க்கு நம்ம நாட்டில் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும், டெட்ராசைக்ளின் இன மருந்துகளில் முதலாவதான ஆரியோமைசினும் அவர் தலைமையில் வந்தவையே.

திரும்பாத பயணம்

1919-ல் சேஷகிரி என்ற பெண்ணை மணந்தவர் அவர். படிப்பு முடிந்ததும் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. திரும்பவேயில்லை. பிறந்த மகன், தகப்பன் முகம் பாராமலே கைக்குழந்தையாக இறந்துபோனான். அந்த அம்மையார் கடைசிவரை கணவரை மறுபடி பார்க்கவில்லை. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. நோபல் பரிசும் இல்லை. நூற்றாண்டான 1995-ல் நம் அரசு தபால்தலை வெளியிட்டது.

அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. சேஷகிரி அம்மாள் காத்திருந்ததை எந்தக் கண்டுபிடிப்பின் கணக்கில் வரவு வைப்பது? ஆனால் அவர் உழைப்பில்லாமல் என் அம்மாவின் விரல்கள் மடங்கியிருக்காது என்பதும் நிஜம்.

ஆடித்தபசுக்கு ஊர் வந்து சேர்வது போல இந்தச் சந்திப்புக்குப் பல தேசங்களிலிருந்தும் வந்திருக்கிறோம். தூரத்தில் இருப்பது தப்பில்லை, நானும் அப்படித்தான். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வீடியோ கால் போட்டு, டப்பாவைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அம்மா கோமதி அம்பாள் சந்நிதிப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, மாத்திரையை எடுத்துக் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்கிறாள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் மாத்திரை டப்பாவை நீங்களும் ஒரு தரம் திறந்து பாருங்கள்.