பழைய கத்தி சேர்க்கப் பிடிக்குமா? கல் கத்தி சேர்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கதை இது!

அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் போயிருக்கீங்களா? அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துட்டு, கூட்டத்தோடு கூட்டமா கடைத்தெரு வழியா வெளியே வர்றீங்க. வளையல், கீசெயினுக்கு நடுவுல ஒரு மடக்குக் கத்தி கண்ணில் பட்டா கை தானா அங்கே போகும். தாத்தாவோட டிரங்குப் பெட்டியில் பித்தளைப் பிடி போட்ட பழைய பேனாக்கத்தி கிடைச்சா சொல்லவே வேணாம். அன்னிக்கு ஸ்டேட்டஸ் அதுதான்.

பழைய கத்தி சேர்க்கிறது உலகம் முழுக்க இருக்கிற ஹாபி. அதில் ஊறினவங்க கத்தியோடு சேர்த்து, அதைப் பற்றின புத்தகங்களையும் வாங்கிச் சேர்ப்பாங்க. எந்தக் கம்பெனி செஞ்சது, எந்தக் காலத்தது, பிளேடில் இருக்கிற முத்திரைக்கு என்ன அர்த்தம்னு சொல்றது அந்தப் புத்தகங்கள்தான்.

நம்ம தமிழ்நாட்டில் ஒருத்தர் இந்த ரெண்டையும் செஞ்சார். ஆனா, அவர் சேர்த்ததில் பலவும் லட்சக்கணக்கான வருஷப் பழசு. இரும்புன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாத மனிதர்கள் கல்லில் செதுக்கிய கத்திகளும் கோடரிகளும். அவற்றுக்கான புத்தகத்தையும் அவரே எழுதினார். அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

வந்தது பாறை பார்க்க!

1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர் ஃபூட். 24 வயதில், 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைச்சு மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். எங்கே என்ன பாறை, என்ன மண் இருக்குன்னு பார்த்து மேப் போடுறதுதான் வேலை. ரயில் பாதை அப்போதான் போட ஆரம்பிச்ச காலம். குதிரையிலும் நடந்தும்தான் ஊர் ஊராப் போகணும்.

உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் சில பகுதிகளைப் பற்றி 1860-களில் ஒரு நிலவியல் அறிக்கை எழுதினார். மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் எல்லாமே அன்னிக்கு தென்னார்க்காடுதான்.

1862-ல் அவருக்குக் கல்யாணம். மாமனார் யார் தெரியுமா? ஆறுமுக நாவலரைத் துணைக்கு வெச்சுக்கிட்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல். 1855-ல் ‘தினவர்த்தமானி’ங்கிற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினவரும் அவர்தான்.

பல்லாவரத்தில் ஒரு குழி

1863 மே 30. பல்லாவரம் ராணுவக் குடியிருப்புப் பக்கத்தில் சரளை மண் எடுத்த ஒரு குழியைப் பார்த்துக்கிட்டிருந்தார் ஃபூட். அதில் ஒரு கல் வித்தியாசமா இருந்தது. குவார்ட்சைட் வகைக் கல். ரெண்டு பக்கமும் செதுக்கி விளிம்பைக் கூர்மையாக்கியிருந்தது. தானா உடைஞ்ச கல் அப்படி இருக்காதுன்னு அவருக்குத் தெரியும்.

பிரான்ஸில் ஆற்றுச் சரளையில் கிடைச்ச இதுமாதிரிக் கற்கள் ஆதி மனிதன் செஞ்சவைதான்னு இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1859-ல்தான் உறுதி செஞ்சிருந்தாங்க. நாலே வருஷத்தில் அதே மாதிரி ஒண்ணு நம்ம பல்லாவரத்தில்!

கைக்கோடரின்னு சொல்ற இந்தக் கல்தான் அந்தக் காலத்து மல்ட்டி டூல். வெட்டலாம், தோல் உரிக்கலாம், கிழங்கு தோண்டலாம். ஒரு கல்லை இன்னொரு கல்லால் தட்டித் தட்டிச் செய்வாங்க. அப்போ தெறிச்சு விழுற சில்லுகூட வீணாகாது. அதுவே ஒரு சின்னக் கத்தி. அதே வருஷம் செப்டம்பரில், திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் ஃபூட்டும் கிங்கும் இந்தக் கருவிகளைக் கண்டெடுத்தாங்க.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகவரி

அதுக்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. 1870-ல் மனைவி இறந்துபோனார். அப்பவும் பயணம் தொடர்ந்தது. தூத்துக்குடி பக்கம் சாயர்புரத்தின் செம்மணல் தேரியில் விரல்நுனி அளவுக் கத்திகளைப் பொறுக்கினார். 1880-களில் மகன் ஹென்றியோடு கர்னூல் குகைகளில் தோண்டினார். 1891-ல் ஓய்வுபெற்ற பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இடங்கள்.

இங்கேதான் அவர் வெறும் கலெக்டர் இல்லைன்னு புரியுது. எந்த ஊரில் கிடைச்சது, என்ன கல், என்ன கருவின்னு ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த பொருள்களுக்கு 1901-ல் ஒரு கேட்டலாக் போட்டுக் கொடுத்தார். 1904-ல் அவரோட சொந்தச் சேகரிப்பும் அங்கே போனது. எழுபது வயதைத் தாண்டியும் அதுக்கான கேட்டலாக்கை எழுதிக்கிட்டே இருந்தார்.

1912 டிசம்பரில் இறந்துபோனார். கேட்டலாக் 1914-லும், அதுக்கான விளக்கக் குறிப்புகள் 1916-லும் அச்சாகின. அந்தப் புத்தகங்களை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை.

அவர் சொன்னது தப்பு... எழுதி வெச்சது சரி!

ஃபூட் சொன்ன எல்லாமே சரின்னு சொல்ல முடியாது. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவுல இங்கே மனிதர்கள் இல்லாத ஒரு பெரிய இடைவெளி இருந்ததுன்னு நினைச்சார். பிறகு வந்தவங்க அதை ஏத்துக்கலை. அந்த இடைவெளியை நிரப்பினதில் தேரியில் கிடைச்ச மாதிரியான குட்டிக் கத்திகளுக்கும் பங்கு உண்டு. அதாவது, பதில் அவர் சேகரிப்புக்குள்ளேயே இருந்தது. எங்கே எடுத்ததுன்னு அவர் எழுதி வெச்சதால்தான் மத்தவங்களால் அந்த இடத்துக்குத் திரும்பப் போய்ப் பார்க்க முடிஞ்சது.

அத்திரம்பாக்கமும் அப்படித்தான். அங்கே பல வருஷம் அகழாய்வு செஞ்சு, கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷப் பழசுன்னு 2011-ல் வெளியிட்டாங்க. ஃபூட் காலத்தில் அதைக் கணக்கிட வழியே கிடையாது.

ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவிடம் இருக்கு. அவர் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கு. அடுத்த முறை எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினா ஒரு எட்டு போய்ப் பாருங்க.

வீட்டில் தாத்தாவோட பேனாக்கத்தி இருந்தா, அதோடு ஒரு சின்னத் துண்டுச்சீட்டைக் கட்டி வைங்க. யாரோடது, எங்கே வாங்கினது, அதை வெச்சு என்ன பண்ணுவார்? பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ செதுக்கின மாதிரி கல் கண்ணில் பட்டா, ஆசையா இருந்தாலும் எடுத்துட்டு வராதீங்க. இருக்கிற இடத்திலேயே விட்டுட்டு, லொகேஷனோடு போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. எடுத்த இடம் தெரியலைன்னா, அது வெறும் கல்தான்.