ஒற்றைக் கண்ணோடு ஆப்பிரிக்கா சென்ற மருத்துவர்

அயர்லாந்தில் 1911-இல் பிறந்த டெனிஸ் பர்கிட், சிறுவயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். ஆயினும் அறுவை சிகிச்சை மருத்துவராகி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உகாண்டாவில் பணியாற்றினார்.

1957-இல் கம்பாலா முலாகோ மருத்துவமனையில் தாடை வீங்கிய ஒரு குழந்தையைக் கண்டார். பிறகு அதே நோயுள்ள பிள்ளைகள் பலரைக் கண்டார். கத்தியால் தீராத புற்றுநோய் அது. 1961-இல் நண்பர்கள் இருவருடன் காரில் சுமார் 16,000 கிலோமீட்டர் சுற்றி, அது எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த பகுதிகளிலேயே அது காணப்பட்டது. அவர் அனுப்பிய திசுக்களிலிருந்தே 1964-இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டறியப்பட்டது.

அவர் கொடுத்துப் பார்த்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்பட்டது அது. மரணத்தை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தார்கள்.

1966-இல் பிரிட்டன் திரும்பியவர், ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடல் புற்றுநோய் ஏன் அரிதாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். நார்ச்சத்துள்ள உணவே காரணம் என்றார். அவர் கூறிய அனைத்தும் நிரூபணமாகவில்லை. ஆனால் தீட்டாத தானியமும் நார்ச்சத்தும் குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் ஆதரிக்கின்றன.

1993-இல் அவர் இறந்தார். நம் சமையலறையில் சலித்துக் கொட்டும் தவிட்டின் மதிப்பை உலகுக்கு உரக்கச் சொன்னவர் அவர்.